பின் வலது காம்பு

வல்லம்படுகை, சிதம்பரம்
9.12.2024

தங்கை அமிர்தத்துக்கு,

இந்தக் கடிதத்தை எழுதுவது நான்தான், உன் அண்ணன் சுப்பராயலு. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நம்பாவிட்டால் எழுத்தைப் பார். ஏர் புதிதாய்ப் பிடித்தவன் உழுத மாதிரி வரிகள் கோணிக்கொண்டு போகும். ஆடி மாதத்திலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. உன்னிடம் சொல்லவில்லை. எழுபது வயதில் முதல் கடிதம் போட்டு உன்னைத் திகைக்க வைக்க நினைத்தேன். இப்போதெல்லாம் வருகிற பஸ் எந்த ஊர் போகிறது என்று நான் யாரையும் கேட்பதில்லை. கேட்பவர்களுக்கு நான் சொல்கிறேன். உன் அண்ணி தைலம்மாளுக்கு என் பெருமை தாங்கவில்லை. "உப்புப் பாக்கெட்டக் கூட உடாம படிக்கிறாரு, சோறு ஆறிப் போவுது" என்று தெருவெல்லாம் சொல்லி வருகிறாள்.

முதல் கடிதம் நல்ல செய்தியாக இருக்க ஆசைப்பட்டேன். அன்றைக்குப் போனில் "செவலைக்கு மடிநோய்" என்று ஆரம்பித்ததுமே நீ வைத்துவிட்டாய். பிறகு எடுக்கவே இல்லை. அதனால் எழுதுகிறேன்.

செவலை உன் பசு. நீ கடலூருக்கு மகன் வீட்டோடு போனபோது என்னிடம் வாரத்துக்கு விட்டாய். மாடு உனக்கு, பால் எனக்கு, கன்று ஈற்று மாற்றி ஆளுக்கொன்று. உன் மகள் இளவரசிக்குத் தலைச்சன் பிறந்தால் அந்தப் பசுவைக் கன்றோடு வடலூர்ச் சம்பந்தி வீட்டுக்குச் சீராக அனுப்புவதாகக் கல்யாணத்தன்று சபையில் சொன்னாய். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். பிள்ளை பிறந்தாயிற்று. தை பிறந்ததும் தாயும் பிள்ளையும் வடலூர் போகிறார்கள். மாடும் போக வேண்டும். ஆனால் இந்த மாட்டை அனுப்பக் கூடாது அமிர்தம்.

ஆடியிலிருந்தே பின் வலது காம்பு வீங்குவதும் ஊசி போட்டால் வற்றுவதுமாக இருந்தது. இப்போது பார்வைக்கு வீக்கம் இல்லை. பாலும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. ஆனால் கால்நடை டாக்டரம்மா நான்கு குழியுள்ள தட்டில் ஒவ்வொரு காம்புப் பாலையும் தனித்தனியாகப் பீய்ச்சி, சோப்புத் தண்ணீர் போன்ற ஒன்றை ஊற்றிச் சுழற்றினார். மூன்று குழியில் பால் பாலாகவே இருந்தது. நான்காவதில் மூக்குச்சளி மாதிரி திரண்டது. அந்தக் காம்புப் பாலைக் குப்பியில் பிடித்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார். முடிவு வரும்வரை சம்பந்தி வீட்டில் நாள் எதுவும் குறிக்காதே.

விரல் விட்டுப் போயிற்று. நிறுத்துகிறேன்.

உன் அண்ணன்
சுப்பராயலு


மஞ்சக்குப்பம், கடலூர்
14.12.2024

அண்ணனுக்கு,

கடிதத்தைப் பிரித்ததும் அழுதுவிட்டேன். உன் கையெழுத்தை அப்பா பார்க்காமல் போனாரே என்று. மாட்டுக் கதை வந்ததும் அழுகை நின்று எரிச்சல் வந்தது.

இனிப் போன் அடிக்காதே. இது என் மகன் கார்த்திகேசன் போன். இந்த வீட்டில் யார் பேசினாலும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார்கள். நீ மடிநோய் என்றபோது, பிள்ளை பார்க்க வந்த சம்பந்தியம்மாள் பக்கத்து அறையில் இருந்தார். "யாருக்கு நோயி?" என்று கேட்டார். பக்கத்து வீட்டுக்காரியின் சித்திக்கு என்று சமாளித்தேன். சொல்ல வேண்டியது இருந்தால் எழுது. எழுதத்தான் கற்றுக்கொண்டாயே.

நான் சபையில் கொடுத்த வாக்கு என்னவென்று உனக்குத் தெரியும். சம்பந்தி உத்திராபதி எட்டு மாடு வைத்து வடலூரில் வீடு வீடாகப் பால் ஊற்றுகிறவர். இளவரசி கொண்டுபோன நகை போதாது என்று அந்த வீட்டில் முதல் நாளே பேச்சு. "எங்கம்மா வூட்டு மாடு வருது, அப்பப் பாருங்க" என்று சொல்லித்தான் அவள் இத்தனை காலம் தலை நிமிர்ந்து நடக்கிறாள். அந்த மாடு வரவில்லை என்றால் அவள் எந்த முகத்தோடு போவாள்?

வீக்கம் இல்லை, பால் வெள்ளை என்று நீயே எழுதியிருக்கிறாய். பிறகு என்ன நோய்? மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். கறவை மாட்டை விட உனக்கு மனம் வரவில்லையோ?

அமிர்தம்


வல்லம்படுகை
20.12.2024

தங்கைக்கு,

நீ கடைசியில் கேட்ட கேள்விக்கு உன் அண்ணி ஒரு பதில் சொன்னாள். அதை நான் எழுதவில்லை. அந்தச் சொற்கள் இன்னும் எங்களுக்குப் பாடத்தில் வரவில்லை.

சோதனை முடிவு வந்துவிட்டது. காகிதம் ஆங்கிலத்தில் இருந்தது. டாக்டரம்மா ஒவ்வொரு மருந்துக்கு நேரேயும் எனக்காகத் தமிழில் எழுதிக் கொடுத்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்து கூட்டிக் கூட்டிப் படித்தேன். கேட்காது. கேட்காது. கேட்காது. படிக்கத் தெரிந்துகொண்டதற்காக அன்றைக்குத்தான் வருத்தப்பட்டேன். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்கும். அதை மாட்டுக்குப் போடமாட்டேன் என்கிறார். மனிதருக்கு வேறு எந்த மருந்தும் கேட்காமல் போனால் போடுவதற்காக ஆஸ்பத்திரியில் வைத்திருப்பதாம். அதையும் மாட்டுக்குப் போட்டுப் பழக்கிவிட்டால் நாளைக்கு உன் பேரனுக்கு என்ன போடுவது என்று கேட்டார். 

கிருமி எப்படி மருந்துக்கு அடங்காமல் போனது என்று கேட்டேன். காம்பு வீங்கும்போதெல்லாம் நாம் யாரைக் கூப்பிட்டோம்? மோட்டார் சைக்கிளில் வந்து ஊசி போடுகிற ராஜாமணியை. அவன் மாட்டு வைத்தியம் படித்தவன் இல்லை. ஒரு ஊசி, மிஞ்சினால் இரண்டு. வீக்கம் வற்றியதும் நிறுத்திவிடுவோம். நீயும் ராஜாமணியைக் கூப்பிடு என்றுதான் போனில் சொல்வாய். லேசான கிருமி செத்தது. கெட்டியானது மிஞ்சியது. மிஞ்சியது பெருகியது. நான் இப்படிப் புரிந்துகொண்டேன்: நாம் போட்ட ஒவ்வொரு அரைகுறை ஊசியும் அதற்கு ஒரு பாடம். நான் அ, ஆ படித்த அதே மாதங்களில் அதுவும் செவலை மடியில் உட்கார்ந்து படித்திருக்கிறது. என்னைவிட நன்றாகப் படித்துவிட்டது.

இன்னொன்று. பக்கத்து வீட்டுச் சடையப்பன் மனைவிக்குக் கை முறிந்ததால் அவர்கள் மாட்டையும் உன் அண்ணிதான் கறந்து கொடுக்கிறாள். முதலில் செவலை. பிறகு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அந்த மாடு. இப்போது அதற்கு முன் காம்பு கல்லாகிவிட்டது. இதே கிருமிதான் என்கிறார் டாக்டரம்மா. சடையப்பன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் வாசலைக் கடந்து போகிறார். அவர் திட்டினால் தேவலை.

உத்திராபதி எட்டு மாட்டையும் தன் கையாலேயே கறப்பவர். அதை நினைத்துப் பார்.

சுப்பராயலு


மஞ்சக்குப்பம்
27.12.2024

அண்ணனுக்கு,

நினைத்துப் பார்த்தேன். இரவில் பிள்ளை அழாதபோதும் விழித்துக்கொண்டு நினைத்தேன். என் மகளைத்தான் நினைத்தேன், மன்னித்துக்கொள்.

சம்பந்தியம்மாள் நேற்றும் பேசினார். "மாடு எப்ப வருது, நெல்ல நாளாப் பாருங்க" என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டே, தை பிறக்கட்டும் என்றேன். அருகில் நின்ற இளவரசி என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. கேட்கவில்லை. கேட்டால் ஒன்றும் இல்லை என்று பொய் சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயம்.

ஒரு வழி தோன்றுகிறது. பசு பால் மறந்துவிட்டது என்று சொல்லிவிடுவோம். கன்றை மட்டும் அனுப்புவோம். கிடாரிக் கன்று, கொழுகொழுவென்று இருக்கிறது என்று நீதானே சொன்னாய். கன்றுக்கு மடி ஏது, மடிநோய் ஏது? சரி என்று ஒரு வரி எழுது, நான் பேசிக்கொள்கிறேன்.

அமிர்தம்


வல்லம்படுகை
3.1.2025

தங்கைக்கு,

சரி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். டாக்டரம்மாவை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதலாம் என்று போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

ஊசி போட்ட நாட்களில் கறந்த பாலை யாருக்கும் கொடுக்காமல் கொட்டிவிட வேண்டுமாம். நம் வீட்டில் பாலை மண்ணில் கொட்டியது உண்டா? கொட்டினால் மடி வற்றும் என்று அம்மா நம்மை அடித்திருக்கிறாள். உன் அண்ணியும் கொட்டவில்லை. சொசைட்டிக்கு ஊற்றவும் இல்லை, அது பாவம் என்று அவளுக்குத் தெரியும். கன்றுக்கு வைத்துவிட்டாள். கிருமியும் மருந்தும் கலந்த பாலைக் கன்று ஊசி போட்ட நாளெல்லாம் குடித்திருக்கிறது. கன்று துள்ளிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் உள்ளே எது குடியேறியிருக்கிறதோ தெரியாது, வேறு கன்றுகளோடு சேர்க்காதீர்கள் என்கிறார். இதைக் கேட்டதிலிருந்து தைலம்மாள் சரியாகச் சாப்பிடவில்லை. "பாலக் கீழ ஊத்தாதது ஒரு குத்தமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாள். 

அதனால் பசுவும் வேண்டாம், கன்றும் வேண்டாம். நானே வடலூர் போகிறேன். உத்திராபதி மாட்டோடு புழங்குகிறவர். மாட்டுக்காரனுக்கு மாட்டுக்காரன் சொன்னால் புரியும். நீ பேச வேண்டாம். பழி என்மேல் இருக்கட்டும்.

சுப்பராயலு


மஞ்சக்குப்பம்
8.1.2025

அண்ணனுக்கு,

போகாதே.

நீ போய்ச் சொன்னால் அது உன்மேல் பழியாக நிற்காது. நோய் மாட்டைச் சீராகக் கொடுக்க இருந்தவர்கள் என்று என் மகள் தலையில் விழும். அவள் ஆயுள் முழுக்க அந்த வீட்டில் அடுப்புப் பக்கம் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அங்கே போய் ஒரு மாதம் கழித்து மடி வீங்கினால் வீங்கட்டும். அது அங்கே வந்த நோய் என்று ஆகிவிடும். இதை எழுத என் கை கூசுகிறது. எழுதிவிட்டேன்.

காணும் பொங்கலுக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை வண்டியோடு வருகிறேன். மாடு என்னுடையது. வாரத்துக்கு விட்டவள் வந்து கேட்டால் கயிற்றை அவிழ்த்துக் கொடுப்பதுதான் முறை. அதற்கு முன்போ பின்போ நீ வடலூருக்குப் போனாலோ, போன் செய்தாலோ, அவர்களிடம் வாய் திறந்து ஒரு சொல் சொன்னாலோ, இந்தப் பச்சைப்பிள்ளை மேல் ஆணை.

என் மடியில்தான் தூங்குகிறான். அவன் தலையில் கை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அமிர்தம்


வல்லம்படுகை
11.1.2025

தங்கைக்கு,

பிள்ளை தலையிலிருந்து கையை எடு.

நான் வடலூர் போகமாட்டேன். போன் செய்யமாட்டேன். வாய் திறக்கமாட்டேன். வெள்ளிக்கிழமை வா. மாடு உன்னுடையது.

வெறுமாட்டாக அனுப்பினால் நமக்கு அழகில்லை. முதுகில் புதுப் புடவை போர்த்தி, கொம்புக்கு வண்ணம் அடித்து, மாலை போட்டு வைக்கிறேன். போர்த்திய புடவையைச் சம்பந்தி தன் கையால்தான் எடுக்க வேண்டும். வழியில் நீ அவிழ்க்காதே. இதை மட்டும் எனக்காகச் செய்.

ஆருத்ரா தரிசனத்துக்கு இப்போதே சிதம்பரத்தில் கூட்டம். தபால் பிந்தினாலும் பிந்தலாம் என்று இதைப் பெரிய தபாலாபீசில் போய்ப் போடுகிறேன்.

சுப்பராயலு


வல்லம்படுகை
28.1.2025

தங்கைக்கு,

நீ வண்டி ஏறும்போது, போர்த்திய புடவையைத் தடவிப் பார்த்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். என்னால் உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏன் என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்குப் போகிறேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். இளவரசி எப்படி இருக்கிறாள்? அவளை அந்த வீட்டில் உள்ளே விட்டார்களா? அதை மட்டும் எழுது. என்னைத் திட்டி எழுது. வெறும் தாளை மடித்து அனுப்பினாலும் சரி.

சாயங்கால வகுப்புக்கு நான் போகவில்லை. கை ஓடவில்லை.

சுப்பராயலு


வடலூர்
14.2.2025

அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்தது. பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். தைப்பூசத்துக்கு இங்கே வந்தேன். பார்த்ததை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அந்த வெள்ளிக்கிழமை. வண்டியில் பெயிண்ட் வாடை அடித்துக்கொண்டே வந்தது. கொம்புக்கு அடித்தது என்று நினைத்தேன். எத்தனை முட்டாள் நான். வாசலில் கோலம் போட்டிருந்தார்கள். தெருவே கூடி நின்றது. இளவரசி பிள்ளையோடு நின்றாள். நான்தான் சொன்னேன் அண்ணா, என் வாயால்: போர்த்திய புடவையைச் சம்பந்தி கையால் எடுப்பது எங்கள் வழக்கம் என்று. அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் புடவையை உருவினார்.

செவலையின் சிவப்பு உடம்பில் வெள்ளை எழுத்து. பனங்காய் அளவுக்கு ஒவ்வொரு எழுத்தும். இந்தப் பக்கம், "பின் வலது காம்பில் மருந்துக்கு அடங்காத கிருமி இருக்கிறது." உத்திராபதி அதை வாய்விட்டுப் படித்தார். படித்துவிட்டு மெதுவாக மாட்டைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். தெருவும் அவர் பின்னால் போனது. அங்கே, "தனியாகக் கட்டவும். கடைசியில் கறக்கவும். கை கழுவவும். கன்றும் தனி. இப்படிக்கு சுப்பராயலு." கடைசியில் கையெழுத்து வேறு போட்டிருந்தாய்.

 "இன்னா சம்பந்தியம்மா, ஒங்க அண்ணன் மாட்டு மேல லெட்டர் போட்டு அனுப்பியிருக்காரு?" என்றார் உத்திராபதி. யாரோ சிரித்தார்கள். சம்பந்தியம்மாள் சிரிக்கவில்லை. என் அருகில் வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஏம்மா, பக்கத்து வூட்டுச் சித்திக்கு இப்ப எப்பிடி இருக்குது?" என்று கேட்டார். அந்த இடத்திலேயே பூமி பிளக்காதா என்றிருந்தது. இளவரசி என்னைப் பார்க்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

உத்திராபதி மாட்டையும் கன்றையும் வேப்பமரத்தடியில் தனித்தனியாகக் கட்டச் சொன்னார். பிறகு என்னை மட்டும் கொட்டாய்க்குப் பின்பக்கம் கூப்பிட்டார். திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். அங்கே இரண்டு மாடுகளைக் காட்டினார். ஒன்றுக்கு ஒரு காம்பு சுருங்கிக் காய்ந்து கிடந்தது. இன்னொன்றின் மடியைத் தொட்டதும் அது காலை உதறியது.

"இதுங்களுக்கும் அதே கததாம்மா. ஊசி கேக்கல. யாருக்கும் சொல்லல, சொன்னா ஊர்ல எவன் எங்கிட்ட பால் வாங்குவான்? ஒங்க மாடாவது சுத்தமா வரும், பேரனுக்கு ஆவும்னுதான் அவசரப்படுத்தினேன்" என்றார். பிறகு, "எங்க மாட்டப் பத்தி நீங்க கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன்" என்றார்.

இரண்டு வீட்டுக்காரரும் இரண்டு பக்கமும் மூடி மூடி வைத்திருக்கிறோம் அண்ணா.   அதற்கு மேல் ஒருவரை ஒருவர் என்ன கேட்பது?

மறுநாள் அவரே கால்நடை டாக்டரை அழைத்து வந்து எட்டு மாட்டுக்கும் அந்தத் தட்டுச் சோதனை செய்தார். மூன்றுக்குத் திரண்டதாம். அந்த மூன்றையும் செவலையோடு வேப்பமரத்தடிக்கு மாற்றிவிட்டார். அவற்றின் பால் வெளியே போகவில்லை. அதைக் கொட்ட ஒரு குழி வெட்டியிருக்கிறார். முதல் நாள் அந்தக் குழியில் பால் ஊற்றும்போது சம்பந்தியம்மாள் திரும்பி நின்றுகொண்டாராம். செவலையின் அந்தக் காம்பை டாக்டர் வற்ற வைத்துவிட்டார். இனி அவளுக்கு மூன்று காம்புதான்.

உன் பெயிண்ட் போகவில்லை. தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தார்கள், எழுத்து இன்னும் பளபளப்பாகிவிட்டது. வேப்பமரம் ரோட்டோரம். பூசத்துக்கு ஜோதி பார்க்கச் சபைக்கு நடந்து போகிறவர்கள் எல்லாரும் நின்று படித்தார்கள். சிலர் போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். பெண்ணாடத்திலிருந்து வந்த ஒரு அம்மாள் முழுக்கப் படித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவர் மாட்டுக்கும் ஊசி கேட்பதில்லையாம். உத்திராபதி திண்டில் சாய்ந்துகொண்டு எல்லாருக்கும் விளக்கம் சொல்கிறார், ஏதோ அவரே எழுதிய மாதிரி.

இளவரசி என்னோடு பேச ஆரம்பித்திருக்கிறாள். சாப்பிட வா, தள்ளி உட்கார், அவ்வளவுதான். அவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் என்னை அந்த வீட்டில் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். நான் அதற்குத் தகுந்தவள்தான். அவர்கள் படித்தது உன் எழுத்தை. பார்த்தது என் முகத்தை.

ஒன்று கேட்க வேண்டும். வயிற்றோரம், பின்னங்காலுக்குப் பக்கத்தில், "இதில் என்" என்று ஆரம்பித்து நின்றிருக்கிறது. அதற்குமேல் பெயிண்ட் வழிந்த தடம்தான். பூசத்துக்கு வந்தவர்களும் குனிந்து குனிந்து அதைத்தான் கேட்டார்கள். என்ன எழுத வந்தாய்?

உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. தீர்ந்ததும் சொல்கிறேன். அதுவரை நீ எழுதிக்கொண்டிரு.

அமிர்தம்


வல்லம்படுகை
19.2.2025

தங்கைக்கு,

உன் கடிதத்தைத் தைலம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். சம்பந்தியம்மாள் திரும்பி நின்றுகொண்ட இடத்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். படித்தேன். பிறகு எழுந்து போய்ச் சோறு போட்டுக்கொண்டாள்.

தெரியாத ஊர்க்காரர்கள் நின்று என் எழுத்தைப் படித்தார்கள் என்றாயே, தடுக்காமல் படித்தார்களா? "கிருமி" என்பதை இரண்டு தடவை துடைத்து எழுதினேன். காணும் பொங்கலன்று ஊர் முழுக்க ஆற்றங்கரைக்குப் போயிருந்தது. நான் பகல் எல்லாம் கொட்டாயில் இருந்தேன். தூரிகை பட்டதும் செவலை தோலைச் சிலிர்ப்பாள், எழுத்துக்குக் கால் முளைத்து ஓடும். அவள் சிலிர்த்து முடிக்கும்வரை காத்திருந்து அடுத்த எழுத்தைப் போடுவேன். நல்லவேளை, நான் எழுதுவதே மெதுவாகத்தான்.

எழுதும்போது பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஒவ்வொரு எழுத்துக்கும் இளவரசி முகம் வந்தது. சடையப்பன் முகமும் வந்தது. போன வாரம் அவர் மாட்டை விற்றுவிட்டார். விற்ற இடத்தில் சொல்லித்தான் விற்றேன் என்று என்னிடம் வந்து சொன்னார். இரண்டு மாதம் கழித்து என்னிடம் பேசிய முதல் பேச்சு.

நீ கேட்டதற்கு வருகிறேன். சேதி எல்லாம் எழுதி, கையெழுத்தும் போட்ட பிறகு வயிற்றோரம் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. அங்கே எழுத வந்தது இது: "இதில் என் தங்கைக்கும் சம்மதம்." உண்மை இல்லைதான். ஆனால் புடவையை உருவும்போது நீ அந்த வாசலில் தனியாக நிற்பாயே என்று நினைத்தேன். அந்த இடத்தில் செவலைக்குக் கூச்சம். உதைத்துவிட்டாள். டப்பா கவிழ்ந்துவிட்டது.

வேறு பெயிண்ட் வாங்கி வைத்திருக்கிறேன். இடம் அப்படியே இருக்கிறது. நீ சம்மதம் என்று எழுது, வடலூர் பஸ்ஸை நானே படித்து ஏறி வந்து மீதியை எழுதிவிடுகிறேன்.

உன் அண்ணன்
சுப்பராயலு